மலம்பனி: உடல் கற்பதும் மறப்பதும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டிறங்கி சாலைக் கடைத்தெருவுக்குள் நுழையும் தமிழ்நாட்டுக்காரரைத் தடுமாற வைக்கும் சொற்களில் ஒன்று ‘பனி’. மருந்துக்கடையில் ஒரு தாய், குழந்தைக்குப் பனி என்பார். நமக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்பது. மலையாளத்தில் அது காய்ச்சல். ஆனாலும் அந்தப் பொருள் நமக்கு முற்றிலும் அந்நியமில்லை. பழந்தமிழில் பனித்தல் என்றால் நடுங்குதல். உடம்பு சுடுவதைப் பார்த்து நாம் ‘காய்ச்சல்’ என்றோம். அதே நோயில் உடம்பு நடுங்குவதைப் பார்த்து அவர்கள் ‘பனி’ என்றார்கள் என்றே நினைக்கிறேன். மலேரியாவுக்கு அவர்களுடைய பெயர் மலம்பனி, அதாவது மலையிலிருந்து வரும் நடுக்கம். நம் பாட்டிமார் அதையே குளிர்காய்ச்சல் என்றும் முறைக்காய்ச்சல் என்றும் சொன்னார்கள்.

மூன்று கம்பளி போர்த்தினாலும் அடங்காத அந்த நடுக்கத்தை உண்டாக்குவது யார்? கிருமி என்றுதான் உடனே பதில் வரும். கிருமி காரணம், சரி. ஆனால் பல்லைக் கிட்டிக்க வைப்பதும், உடம்பைக் கொதிக்க வைப்பதும், பிறகு வேர்வையில் நனைத்துப் போடுவதும் நம்முடைய தடுப்பாற்றல்தான். மலேரியாவில் உடல் எதிரியைக் கொல்லப் படுகிற பாட்டைப் போலவே, அந்தச் சண்டையில் தானே செத்துப்போகாமலிருக்கவும் பாடுபடுகிறது. இந்த இரண்டாவது பாடத்தைக் கற்க அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். மறக்கவோ சில ஆண்டுகள் போதும். திருவனந்தபுரம் மறந்துவிட்ட ஊர். அதனால்தான் இந்த அத்தியாயத்தை இங்கே தொடங்குகிறேன்.

கேரளத்தில் மலேரியா 1965இல் ஒழிந்ததாகக் கணக்கு முடித்தார்கள். முப்பது ஆண்டு கழித்து, 1990களின் நடுவில், விமான நிலையத்தை ஒட்டிய வலியதுறைக் கடற்கரைக் குடியிருப்புகளில் மலேரியா மீண்டும் பரவியது. பெயரில் மலை இருந்தாலும் அங்கே மலை இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நெருக்கியடித்த வீடுகள். நகரத்துக்கென்றே அமைந்தது போன்ற அனாஃபிலிஸ் ஸ்டீபென்சி என்ற கொசுவுக்கு மலையும் காடும் வேண்டாம். கிணறும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் போதும். வீட்டுக்கு ஒரு கிணறு வைத்திருக்கும் கேரளத்தில் அதற்கென்ன குறை? ஒட்டுண்ணி மட்டும் யாருடைய ரத்தத்திலாவது பயணம் செய்து வந்தாக வேண்டும். மீன்பிடிக்க மங்களூரு போன்ற மலேரியா உள்ள கரைகளுக்குப் போய்வரும் ஆட்களும், வேலை தேடி வடக்கிலிருந்து வரும் ஆட்களும் உள்ள ஊரில் அதற்கும் வழியிருந்தது. அந்த முப்பது ஆண்டுகளில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர்களின் உடல்கள் அதற்குமுன் மலேரியாவைப் பார்த்ததே இல்லை.

அப்படிப்பட்ட ஓர் உடலுக்குள் நாமும் போவோம்.

*

இருட்டிய பிறகு ஒரு பெண் கொசு கணுக்காலில் உட்காருகிறது. தோலுக்குள் ஊசியை இறக்கி ரத்தக்குழாயைத் துழாவும்போது, ரத்தம் உறையாமலிருக்கத் தன் எச்சிலைச் செலுத்துகிறது. அந்த எச்சிலோடு வருபவை ஸ்போரோசோயிட் என்ற நூல்போன்ற உயிரிகள். பெரும்பாலும் சில பத்துதான். இவ்வளவு குறைவான படையோடு தொடங்கி இவ்வளவு பெரிய நாசத்தை உண்டாக்கும் நோய்கள் அதிகமில்லை. அவை தோலுக்குள் ஊர்ந்து திரிந்து, ரத்தக்குழாயைத் துளைத்து, கொஞ்ச நேரத்தில் கல்லீரலை எட்டிவிடுகின்றன. வழிதவறிய சில நிணநீர்க் கணுவுக்குள் போய்ச் சாகின்றன. உடலின் முதல் பாடம் இந்தப் பிணங்களிலிருந்துதான் தொடங்குகிறது.

கல்லீரலின் நுண்குழாய்களில் குப்ஃபர் செல்கள் என்ற காவலர்கள் உண்டு. வருகிற கிருமியை விழுங்கிச் செரிப்பது அவர்கள் வேலை. ஸ்போரோசோயிட் அந்தக் காவலர்களின் உடம்பைத் துளைத்துக்கொண்டே மறுபுறம் போகும்! போய், ஒரு கல்லீரல் செல்லைத் தேர்ந்து உள்ளே அடங்கிவிடும். அடுத்த ஆறேழு நாள் நோயாளிக்கு ஒன்றுமே தெரியாது. வலையை இழுப்பார், சாப்பிடுவார், தூங்குவார். உள்ளே ஒன்று பல ஆயிரங்களாகப் பெருகிக்கொண்டிருக்கும்.

உடலுக்குக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு இந்த நாட்கள்தான். கல்லீரல் செல் தனக்குள் உண்டாகும் புரதங்களின் துணுக்குகளை எடுத்துத் தன் வெளிச்சுவரில் காட்டிக்கொண்டே இருக்கும், கடைக்காரர் மாதிரிச் சரக்கை வாசலில் வைப்பது போல. கொல்லும் டி செல்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டே ரோந்து போகும். அந்நியச் சரக்கு தெரிந்தால் அந்த செல்லை ஒட்டுண்ணியோடு சேர்த்து அழிக்கும்; அல்லது இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞையால் ஒட்டுண்ணியை உள்ளேயே முடக்கும். ஆனால் முதல்முறை தாக்குதலில் இந்த டி செல்கள் ஒட்டுண்ணியை அடையாளம் கண்டு, பெருகி, களத்துக்கு வரவே ஒரு வாரம் ஆகிவிடும். அதற்குள் கல்லீரலில் வேலை முடிந்துவிடுகிறது. கல்லீரலில் உள்ள பல ஆயிரம் கோடி செல்களில் ஒட்டுண்ணி குடியிருப்பது ஒருசிலவற்றில்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய நகரம் ஒன்றில் நான்கைந்து வீடுகளை ஒரே வாரத்தில் கண்டுபிடிக்கச் சொன்னால் என்ன செய்வது?

டி செல்கள் முன்கூட்டியே பயிற்சி பெற்றிருந்தால்? 1967இல் நியூயார்க்கில் ரூத் நுசென்ஸ்வெய்க் கதிர்வீச்சால் வலுவிழந்த ஸ்போரோசோயிட்டுகளை எலிகளுக்குச் செலுத்தினார். அவை கல்லீரலுக்குள் போயின, ஆனால் பெருக முடியவில்லை. பிறகு உண்மையான ஸ்போரோசோயிட்டைச் செலுத்தியபோது எலிகள் தப்பின. மலேரியாவுக்குத் தடுப்பூசி சாத்தியம் என்ற நம்பிக்கை வேர் பிடித்தது அங்கேதான்.

*

நம் வலியதுறைக்காரருக்கு அந்தப் பயிற்சி இல்லை. எனவே ஒரு வாரத்தில், ஒவ்வொரு ஸ்போரோசோயிட்டிலிருந்தும் மீரோசோயிட் என்ற புதிய உயிரிகள் ஆயிரக்கணக்கில் வெளிவருகின்றன. அவை வருகிற விதத்தையும் பாருங்கள். கல்லீரல் செல்லின் சவ்வையே பைபோலச் சுற்றிக்கொண்டு, குப்ஃபர் காவலர்கள் முன்னாலேயே மிதந்து போய், ரத்த ஓட்டத்தில் பை கிழிந்து வெளியேறுகின்றன. அடுத்த ஓரிரு நிமிடங்களில் ஒவ்வொன்றும் ஒரு சிவப்பணுவுக்குள் புகுந்துவிடும்.

ஏன் சிவப்பணு? இந்தக் கேள்விக்கான பதில் எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. உடலின் ஏறத்தாழ எல்லா செல்களும் தம் உள்சரக்கை வாசலில் காட்டும் என்றோமே, அந்தப் பழக்கம் இல்லாதது சிவப்பணு. ஆக்சிஜனைச் சுமப்பதற்காக அது தன் உட்கருவையே துறந்துவிட்டது. உட்கரு இல்லை, புதிய புரதம் செய்யும் வசதியும் இல்லை, சரக்கைக் காட்டும் பலகையும் இல்லை. டி செல் பக்கத்தில் வந்து நின்றாலும் உள்ளே இருப்பது தெரியாது. அப்படிப்பட்ட குருட்டு வீடுகள் நம் உடலில் ஏறக்குறைய 25 லட்சம் கோடி. ஒட்டுண்ணி அங்கே உட்கார்ந்து ஹீமோகுளோபினைத் தின்று, 48 மணி நேரத்தில் ஒன்று ஒன்றரை டஜனாகவோ அதற்கு மேலோ ஆகி, செல்லை வெடித்து வெளியே வரும். திரும்பவும் ஓரிரு நிமிட வெளிச்சம். திரும்பவும் இருட்டறை.

அந்த ஓரிரு நிமிட வெளிச்சத்தில் ஒட்டுண்ணியைப் பிடிப்பவை பி செல்கள் தயாரிக்கும் எதிர்ப்பொருள்கள், நாம் ஆன்டிபாடி என்று கேள்விப்படுபவை. மீரோசோயிட்டின் முனையில் ஒட்டிக்கொண்டு அது அடுத்த சிவப்பணுவைப் பற்றவிடாமல் செய்யலாம். விழுங்கும் செல்களுக்கு ‘இதோ இங்கே’ என்று காட்டியும் கொடுக்கலாம். ஆனால் தரமான எதிர்ப்பொருள் தயாராகவும் நாள் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க உடலிடம் இருக்கும் பழைய ஆயுதம் மண்ணீரல்.

இடது விலா எலும்புக்கடியில், கைக்குள் அடங்கும் அளவில் கிடக்கிறது அது. பள்ளிப் பாடத்தில் அதற்கு அதிக மரியாதை கிடைப்பதில்லை. மலேரியாவில் அதுதான் போர்க்களம். சிவப்பணுக்கள் மண்ணீரலின் சுவரிலுள்ள, ஏறத்தாழ ஒரு மைக்ரான் அகலமே கொண்ட பிளவுகள் வழியே நசுங்கிப் பிதுங்கி வெளியேற வேண்டும். ஏழெட்டு மைக்ரான் அகலமுள்ள ஆரோக்கியமான சிவப்பணு ரப்பர் போல வளைந்து போய்விடும். ஒட்டுண்ணி குடியிருக்கும் செல் விறைத்துப்போயிருக்கும், மாட்டிக்கொள்ளும். மாட்டியதை அங்கேயுள்ள விழுங்கும் செல்கள் தின்னும். திரும்பத் திரும்ப இந்த வேலை செய்து மண்ணீரல் வீங்கும், கெட்டிப்படும், வயிற்றில் கட்டிபோலத் தட்டுப்படும். அதற்குத் தமிழில் ஒரு பழைய சொல் உண்டு: காய்ச்சற்கட்டி. நுண்ணோக்கி கைக்கு எட்டாத ஊர்களில், பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து வயிற்றைத் தடவி, நூற்றுக்கு எத்தனை பேருக்குக் கட்டி என்று எண்ணித்தான் ஓர் ஊரின் மலேரியாவை அளந்தார்கள். இரண்டு வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளில் பாதிக்கு மேல் கட்டியோடு இருந்தால் அது கடும் மலேரியா ஊர்.

அந்தப் போர்க்களத்துக்கும் ஒரு மறுபக்கம் உண்டு என்பது அண்மையில்தான் தெரிந்தது. இந்தோனேசியாவின் பப்புவாவில், விபத்தில் அடிபட்டு மண்ணீரல் அகற்றப்பட்டவர்களின் மண்ணீரல்களை ஆராய்ந்து 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காய்ச்சலே இல்லாதிருந்த அந்த மனிதர்களின் மண்ணீரலில் வைவாக்ஸ் என்ற வகை மலேரியா ஒட்டுண்ணிகள் உயிரோடு குவிந்திருந்தன. ரத்தத்தில் ஓடியதைவிடப் பல மடங்கு! நாம் கோட்டை என்று நினைத்த இடத்தை அது குடியிருப்பாகவும் வைத்திருந்தது.

*

இப்போது நடுக்கத்துக்கு வருவோம்.

சிவப்பணுக்கள் ஒரே நேரத்தில் கூட்டமாக வெடிக்கும்போது மீரோசோயிட்டுகளோடு சேர்ந்து குப்பையும் ரத்தத்தில் கொட்டும். ஒட்டுண்ணியின் சவ்விலுள்ள சர்க்கரைக் கொழுப்புகள், அதன் மரபுப்பொருள் துணுக்குகள், ஹீமோகுளோபினைத் தின்றபின் மிஞ்சும் ஹீமோசோயின் என்ற கரும்பழுப்புப் படிகங்கள். அல்ஜீரியாவில் லாவெரான் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் 1880இல் நோயாளியின் ரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டபோது அவரை அதன் பக்கம் இழுத்தது இந்தக் கருமைதான். வெள்ளையணுக்களில் ஒரு வகை இந்தக் குப்பையைத் தொட்டவுடன் அபாயச் சங்கு ஊதும். அந்தச் சங்கொலிகளில் முக்கியமானது டிஎன்எஃப் என்ற புரதம். அது மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டு இடத்துக்குச் செய்தி அனுப்ப, உடலின் சூட்டு அளவை 40 டிகிரி செல்சியஸ்வரை மூளை உயர்த்தி வைக்கிறது. அந்த நேரத்தில் உடல் இன்னும் 37இல்தான் இருக்கும். புதிய அளவோடு ஒப்பிட்டால் அது குளிர். எனவே தசைகள் நடுங்கிச் சூடு உண்டாக்குகின்றன. கம்பளி கேட்கிறோம். சூடு ஏறி அளவை எட்டியதும் நடுக்கம் நிற்கும். சங்கு ஓய்ந்ததும் அளவு கீழே இறங்கும், வேர்வை கொட்டும்.

இதை நோயாளியின் படுக்கையருகே நின்று அளந்து காட்டியவர்கள் நம் அண்டைவீட்டார். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கமினி மெண்டிஸ், நதீரா கருணவீர உள்ளிட்டோர், வைவாக்ஸ் மலேரியா நோயாளிகளிடம் நடுக்கம் தொடங்கி முடியும்வரை மீண்டும் மீண்டும் ரத்தம் எடுத்துப் பார்த்து 1992இல் வெளியிட்டார்கள். டிஎன்எஃப் ஏறினால் சூடும் ஏறியது, அது இறங்கினால் சூடும் இறங்கியது. சூட்டுக்குச் சற்று முன்னால் டிஎன்எஃப் போய்க்கொண்டிருந்தது. பனி என்ற சொல்லின் உயிரியல் அந்த வரைபடத்தில் இருக்கிறது.

காய்ச்சல் வீணல்ல. உயர்ந்த சூடு முதிர்ந்த ஒட்டுண்ணிகளை ஒடுக்குகிறது. சங்கொலி மண்ணீரலை முடுக்குகிறது. ஆனால் ஃபால்சிபாரம் வகையில் இதே சங்கொலி உயிரையும் வாங்கும். அந்த ஒட்டுண்ணி மண்ணீரலுக்குப் போகாமலிருக்க ஓர் உபாயம் வைத்திருக்கிறது. தான் குடியிருக்கும் சிவப்பணுவின் மேல் முடிச்சுகளை எழுப்பி, அவற்றில் ஒட்டும் புரதத்தை நீட்டி, நுண்ரத்தக்குழாய்ச் சுவரில் பற்றிக்கொள்ளும். மூளையின் குழாய்களில் இப்படி அடைத்துக்கொண்டு, கூடவே உடலின் அழற்சியும் கட்டுமீறும்போது, பிள்ளைகள் நினைவிழந்து சாகிறார்கள். எனவே உடலுக்கு ஒரு தடையும் தேவை. ஐஎல்-10 போன்ற புரதங்கள் அந்தத் தடையாக வந்து சங்கை அடக்குகின்றன. சீக்கிரமே அடக்கினால் ஒட்டுண்ணி பெருகும். தாமதமானால் நோயாளி சாவார். இந்த அளவு பிடிபடுவதுதான் மலேரியாவில் உடல் கற்கும் பெரும்பாடம்.

*

அப்படிக் கற்ற உடல்கள் உலகில் உண்டு என்பதை 1900ஆம் ஆண்டு வாக்கில் ஜாவாவிலும் நியூகினியிலும் பார்த்தவர் ராபர்ட் காக். மலேரியா ஓயாத கிராமங்களில் சிறு பிள்ளைகளின் ரத்தத்தில் ஒட்டுண்ணி நிறைந்திருந்தது. பெரியவர்கள் நலமாக நடமாடினார்கள். அவர்கள் நலமாக இருந்ததற்குக் காரணம் ரத்தத்தில்தான் இருக்கிறது என்பதைக் காம்பியாவில் 1961இல் இயன் மெக்ரெகரும் சிட்னி கோஹனும் நிறுவினார்கள். மலேரியா ஊர்களில் வளர்ந்த பெரியவர்களின் ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருள்களைப் பிரித்து, மலேரியாவில் படுத்த குழந்தைகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். சில நாளில் ஒட்டுண்ணிகள் மளமளவென்று குறைந்தன.

பின் ஏன் அந்தப் பெரியவர்களைப் போல ஆவதற்கு அத்தனை ஆண்டுகள் பிடிக்கின்றன? தட்டம்மை ஒருமுறை வந்தால் போதும், உடல் ஆயுள் முழுக்க நினைவு வைத்திருக்கும். மலேரியா ஐந்து முறை வந்தாலும் ஆறாவது முறை வரும். காரணம், சிவப்பணுவின் மேல் நீட்டிய அந்த ஒட்டும் புரதம். ஃபால்சிபாரத்திடம் அதற்கு ஏறக்குறைய 60 மரபணுக்கள் உள்ளன. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் உடுத்தும். உடல் மெனக்கெட்டு அந்தச் சட்டைக்கான எதிர்ப்பொருளைத் தைத்து முடிக்கும்போது, கூட்டத்தில் சில வேறு சட்டை மாற்றியிருக்கும். அடுத்த கொசு கொண்டுவரும் ஒட்டுண்ணியிடம் இருக்கும் 60 சட்டைகளும் பெரும்பாலும் வேறு. ஒவ்வொரு காய்ச்சலிலும் உடல் சில சட்டைகளை மட்டும் கற்கிறது. முதலில் சாவைத் தடுக்கும் அளவுக்கு, பிறகு காய்ச்சலைத் தடுக்கும் அளவுக்கு. ஒட்டுண்ணியை முழுதாகத் துடைத்தெறியும் நிலையை அது பெரும்பாலும் எட்டுவதே இல்லை.

இந்தச் சட்டைக் கதைக்குக் கொடிய சாட்சி தலைப்பிரசவம். மலேரியா ஊரில் வளர்ந்து, எல்லாம் கற்றுத் தேறிய பெண், முதல் கருவைச் சுமக்கும்போது திரும்பவும் மலேரியாவில் விழுவாள். நஞ்சுக்கொடியில் அதுவரை அவள் உடலில் இல்லாத ஒரு புதிய பிடிமானம் இருக்கிறது. அதில் பற்றிக்கொள்ளவென்றே ஒட்டுண்ணியிடம் தனிச் சட்டை ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டையை அவள் உடல் பார்த்ததே இல்லை. தாய்க்கு ரத்தசோகை, பிள்ளை எடை குறைவு, சில நேரம் கரு நிலைப்பதில்லை. இரண்டாவது, மூன்றாவது பேற்றில் ஆபத்து குறையும். முதல் பிள்ளையைப் பணயம் வைத்து உடல் படித்துக்கொண்ட பாடம் அது.

*

கற்ற உடல்களும் கல்லாத உடல்களும் அருகருகே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே இரண்டு சம்பவங்கள் உண்டு.

1934இல் இலங்கையில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஈர மண்டலத்தில் எப்போதும் சுழித்தோடும் களனி கங்கையும் மகா ஓயாவும் வற்றிக் குட்டைகளாக நின்றன. ஓடும் நீரில் பெருக முடியாத கொசுவுக்குக் குட்டைகள் தொட்டில்களாயின. அந்த ஆண்டின் இறுதியிலிருந்து 1935 ஏப்ரல் வரை மலேரியாவில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். பெரிய அடி விழுந்தது எங்கே? மலேரியா ஓயாமல் இருந்த வடக்கு, கிழக்கு வறண்ட மண்டலத்தில் அல்ல. கேகாலை, குருநாகல் பக்கம். குளத்து மலேரியாவிலேயே பிறந்து வளர்ந்த வறண்ட மண்டலத்தாரின் உடல் பாடம் படித்திருந்தது. ஈர மண்டலத்தார் நோயில்லாமல் நன்றாக வாழ்ந்தவர்கள், அதனாலேயே செத்தார்கள். அவர்களின் வறுமையும் பசியும் அந்தச் சாவைப் பெருக்கின என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று கேரளத்துக்குள்ளேயே. 1920களிலிருந்து திருவிதாங்கூரின் மீனச்சில், பாலாப் பக்கத்து உழவர்கள் நிலம் தேடி, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த மலபாருக்கும் வயநாட்டுக்கும் குடும்பத்தோடு குடிபெயர்ந்தார்கள். காடு அழித்துக் கப்பைக்கிழங்கு நட்டவர்களை மலம்பனி வாரிக்கொண்டு போனது. எஸ்.கே. பொற்றெக்காட் 1948இல் எழுதிய ‘விஷகன்யகா’ நாவல் அவர்களைப் பற்றியதுதான். வந்தவரை மயக்கிக் கொல்லும் மண்ணையே அவர் விஷக்கன்னி என்றார். அதே மலைகளில் பணியரும் குறிச்சியரும் குறும்பரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தார்கள். அவர்களுக்கும் மலம்பனி வந்தது, அவர்கள் பிள்ளைகளும் செத்தன. ஆனால் பிழைத்தவர்களின் உடலில் கற்ற எதிர்ப்பு இருந்தது. சிலரிடம் பிறவியிலேயே வந்த இன்னொன்றும் இருந்தது.

ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரியின் பழங்குடிகளிடையே ரத்தம் எடுத்துப் பார்த்து, அரிவாள் செல் மரபு அங்கே இருப்பதை 1952இல் அறிவித்தார்கள். இந்தியாவில் அதைப் பற்றிய முதல் அறிவிப்புகளில் ஒன்று அது. வயநாட்டுப் பழங்குடிகளிடமும் அது பரவலாக உண்டு. தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்தால், ஃபால்சிபாரம் புகுந்த சிவப்பணு ஆக்சிஜன் குறைந்த இடத்தில் வளைந்து சுருங்கி, மண்ணீரலில் எளிதாக மாட்டும். ஒட்டுண்ணியும் உள்ளே சரியாக வளராது. கடும் மலேரியாவிலிருந்து பெரும் பாதுகாப்பு அது. ஆப்பிரிக்காவில் இதை 1954இல் அந்தோணி அலிசன் காட்டினார். மலேரியாவே இப்படிப்பட்ட ரத்த மரபுகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கும் என்று அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஊகித்த ஜே.பி.எஸ். ஹால்டேன், பின்னாளில் இந்தியாவுக்கே குடிவந்து 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார்.

ஆனால் இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்த பிள்ளைக்கு மூட்டு மூட்டாக வலி, ரத்தசோகை, குறுகிய ஆயுள். வயநாட்டிலும் நீலகிரியிலும் மலேரியா போய்விட்டது. அந்த வலி இன்றும் இருக்கிறது. மூதாதையரைக் காத்த கேடயத்தின் விலையை இந்தப் பிள்ளைகள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மலேரியாவை ஒழித்ததைப் பெருமையாகப் பேசும் நாம் இவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பது என் உறுதியான கருத்து.

*

மரபணுவில் வந்தது தங்கும். கற்றது தங்காது. மலேரியா ஊரில் வளர்ந்து பல ஆண்டு வெளிநாட்டில் வாழ்ந்தவர், திரும்பி வரும்போது காய்ச்சலில் விழுவது மருத்துவர்களுக்குத் தெரிந்த கதை. கொசு அடிக்கடி வந்து ஞாபகப்படுத்தாவிட்டால் எதிர்ப்பொருள்களின் அளவு இறங்கிப் போகும். சாவைத் தடுக்கும் பகுதி கொஞ்சம் கூடுதல் காலம் நிற்கலாம்; காய்ச்சலைத் தடுக்கும் பகுதி சீக்கிரம் மங்கும்.

இதை மனத்தில் வைத்து இன்றைய திருவனந்தபுரத்தைப் பாருங்கள். ஊர்க்காரரின் உடலில் மலேரியாவின் நினைவு இல்லை. கொசு இருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் கட்டட வேலைக்கு வருபவர்களை, கேரளம் அதிதித் தொழிலாளிகள் என்று அழைக்கிறது. அவர்களில் சிலர் மலேரியா உள்ள மலைக்கிராமங்களில் வளர்ந்தவர்கள். சிறு வயதில் பட்ட காய்ச்சல்கள் அவர்கள் உடலுக்குச் சங்கை அடக்கக் கற்றுக் கொடுத்திருக்கின்றன. எனவே ரத்தத்தில் ஒட்டுண்ணி இருந்தும் காய்ச்சல் இல்லாமல் சாரத்தில் ஏறி வேலை பார்ப்பவர் அவர்களிடையே இருக்கலாம். அவரைக் கடித்த ஸ்டீபென்சி பக்கத்து வீட்டுக்காரரைக் கடித்தால், முதலாமவர் உடலில் அமைதியாக இருந்தது இரண்டாமவர் உடலில் கொந்தளிக்கும். ஒட்டுண்ணி ஒன்றே, படித்த உடலுக்கும் படிக்காத உடலுக்கும் உள்ள வேறுபாடுதான் அது. இதைத் தெரிந்துகொண்டவர் அந்தத் தொழிலாளியைக் குற்றவாளியாகப் பார்க்கமாட்டார். வளைகுடாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போய்வரும் கேரளத்தாரும் இதே வேலையைத்தான் தெரியாமல் செய்கிறார்கள். 2020 டிசம்பரில் கண்ணூரில் ஒரு ராணுவ வீரரிடம் கேரளத்துக்கே புதிதான ஓவேல் வகை மலேரியா கண்டுபிடிக்கப்பட்டது. அவர் சூடானில் பணியாற்றித் திரும்பியவர். உடனே கண்டுபிடித்ததால் பரவவில்லை.

தடுப்பூசி வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஆர்டிஎஸ்,எஸ் என்ற தடுப்பூசியையும், 2023இல் ஆக்ஸ்ஃபோர்டு உருவாக்கி புனே சீரம் நிறுவனம் தயாரிக்கும் ஆர்21 தடுப்பூசியையும் பரிந்துரைத்தது. இரண்டுமே கல்லீரலுக்குப் போகும் வழியிலேயே ஸ்போரோசோயிட்டை மறிக்கப் பார்ப்பவை. அதன் மேலங்கிப் புரதத்துக்கு எதிராக உடலைப் பழக்குபவை. சாதனைதான், ஆப்பிரிக்கக் குழந்தைகளின் உயிரைக் காக்கின்றன. ஆனால் பாதுகாப்பு அரைகுறை, மாதங்கள் போகப் போக அதுவும் தேய்கிறது. ஒட்டுண்ணியே கற்றுக் கொடுக்க முடியாத பாடத்தை ஊசி முழுதாகக் கற்றுக்கொடுத்துவிடும் என்று எதிர்பார்ப்பது கடினம். தவிர, அவை ஃபால்சிபாரத்துக்கு மட்டும். நம் நகரங்களில் அதிகம் காணும் வைவாக்ஸுக்கு இன்னும் ஊசி இல்லை.

வைவாக்ஸ் இன்னொரு விதத்தில் நம் தடுப்பாற்றலை ஏமாற்றுகிறது. அதன் ஸ்போரோசோயிட்டுகளில் சில கல்லீரலில் பெருகாமல் அப்படியே உறங்கிவிடும். வாரங்கள், மாதங்கள், சில நேரம் ஓர் ஆண்டுக்கு மேலும். உறங்குவதை எதிர்ப்பொருளால் தொட முடியாது. டி செல்லின் கண்ணிலும் அது பெரும்பாலும் படுவதில்லை. மூன்று நாள் குளோரோகுயின் சாப்பிட்டதும் காய்ச்சல் நின்றுவிடும். உறங்குவதை அது தொடாது. அதற்காகத்தான் ப்ரைமாகுயின் மாத்திரையை 14 நாள் கொடுக்கிறார்கள். நன்றாகிவிட்டதே என்று நான்காம் நாள் நிறுத்துகிறவர், சில மாதம் கழித்து எந்தக் கொசுவும் கடிக்காமலே திரும்பப் படுப்பார். அவர் வழியாக ஒட்டுண்ணி இன்னொரு சுற்று கொசுவுக்குப் போகும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு இந்த மாத்திரை சிவப்பணுக்களை உடைக்கும் என்பதால், சாப்பிடுமுன் மருத்துவரிடம் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் குறையும் மலேரியா தேர்ந்து வளர்த்த இன்னொரு கேடயம் என்றே கருதுகிறார்கள்.

எனவே இந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவரிடம் என் வேண்டுகோள் இது. மங்களூருவோ, ஒடிசாவோ, ஆப்பிரிக்காவோ போய்வந்து ஓர் ஆண்டுக்குள் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், எங்கே போயிருந்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். விரல்நுனி ரத்தத்தில் மலேரியா பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு வேலைக்கு வந்த வெளிமாநிலத்தவர் காய்ச்சலில் சுருண்டால் அவரையும் அழைத்துப் போங்கள். மாத்திரையை 14 நாளும் முடியுங்கள். மொட்டைமாடித் தொட்டியின் மூடியைச் சரிபாருங்கள். மலேரியாவுக்கான ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் அரசு சுகாதார நிலையங்களில் இலவசம்.